மும்பை மௌனம் காத்த மாலை

மும்பை ஒரு நாளும் ஓயாத நகரம். புறநகர் மின்சார ரயில்கள்தான் அதன் உயிர்நாடி. 2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை மாலை அந்த உயிர்நாடியிலேயே அடி விழுந்தது. வேலை முடிந்து வீடு திரும்புபவர்களால் நிரம்பி வழிந்த மேற்கு ரயில் பாதையில், 11 நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. எல்லாமே முதல் வகுப்புப் பெட்டிகளில். மாட்டுங்கா, மாஹிம், பாந்த்ரா, கார், ஜோகேஷ்வரி, போரிவலி, மீரா ரோடு பகுதிகளில் நடந்த இந்தத் தாக்குதலில் 180 பேருக்கு மேல் இறந்தார்கள். 700 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் முன்பாக, தண்டவாள ஓரத்துக் குடிசைவாசிகளே ஓடிவந்து காயமடைந்தவர்களைப் போர்வைகளில் தூக்கிச் சென்றார்கள். மறுநாளே ரயில்கள் ஓடின.

சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 18 மாலை, மும்பையில் சைரன்கள் ஒலித்தன. குண்டு வெடித்த ரயில் நிலையங்களில் கூடிய மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, மலர் வளையம் வைத்து, இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமும் மௌன அஞ்சலி செலுத்தினார்.

ஒரு நகரமே சேர்ந்து மௌனம் காக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918-ல், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் தினமும் நண்பகல் பீரங்கி ஒலித்ததும் ஊரே அசையாமல் நின்றது. 1919 நவம்பர் 11-ல் பிரிட்டன் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அதைத் தன் பேரரசு முழுவதற்கும் கொண்டுவந்தார். இந்தியாவில் இன்றும் காந்தி கொல்லப்பட்ட ஜனவரி 30 அன்று காலை 11 மணிக்கு, டெல்லி முதல் கள்ளக்குறிச்சி வரை அரசு அலுவலகங்களில் இரண்டு நிமிட மௌனம் உண்டு.

ஆனால் மும்பையின் கதை அந்த இரண்டு நிமிடத்தோடு முடியவில்லை. 2015-ல் தனி நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் 5 பேருக்குத் தூக்கு தண்டனை. 2025 ஜூலை 21-ல் மும்பை உயர் நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி 12 பேரையும் விடுவித்தது. மகாராஷ்டிர அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அப்படியானால் குண்டு வைத்தது யார்? 19 வருடம் கழித்தும் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. சிறையில் வருடக்கணக்காக இருந்தவர்கள் இழந்த காலமும் திரும்பி வராது.

இறந்தவர்களுக்காக ஊரே வாய்மூடி நிற்பது நல்ல மரியாதைதான். ஆனால் அந்த இரண்டு நிமிடம் முடிந்ததும் உண்மை என்ன என்று வாய்திறந்து கேட்க வேண்டும். அதுவும் அஞ்சலிதான்!