யார் நிரூபிக்க வேண்டும்? கடன் பத்திரமும் சேரியும்



கடன் ஆலோசகர் என்றால் என்ன வேலை என்று எங்களைக் கேட்கிறார்கள். சட்ட உதவி மையத்து மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கொண்டுவரும் தாள்களை வாசிப்பது அதில் பாதி. புரோநோட்டின் நகல், குழுக்கடன் அட்டை, நகை அடகு ரசீது, வக்கீல் நோட்டீஸ். தாளே இல்லாத கடனைக் கேட்டு எழுதுவது மீதிப் பாதி. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவர் கையில் எதுவும் இருக்காது. கணக்கு முழுவதும் முதலாளியின் நோட்டில் இருக்கும். இந்த இருவகைக் கடனுக்கும் பின்னால் நீண்டதொரு சட்ட வரலாறு உண்டு. அதையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறையை ஒழித்ததாகப் பாடநூல்கள் சொல்லும். அது செய்தது அதைவிடக் குறைவு. ஒரு மனிதரைச் சொத்தாகக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்றது. வரி பாக்கிக்காகவோ தீர்ப்பை நிறைவேற்றவோ அதிகாரிகள் ஆளை விற்கக் கூடாது என்றது. நிலமோ கூலியோ யாருக்கும் கொடுக்கவில்லை. ஆளை விற்க முடியாது என்றானபின் ஆளைக் கட்டிவைக்க ஆண்டைகளிடம் மிஞ்சிய கயிறு கடன்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பஞ்சகாலத்து நெல்லுக்கும் வாங்கிய சொற்பத் தொகைக்காகப் பண்ணையாளும் படியாளும் தலைமுறை கடந்து உழைத்தார்கள்.

16 ஆண்டுகள் கழித்து அரசே அந்தக் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் வேலைக்குத் திரும்ப உத்தரவிடலாம், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. கூலியை ஏமாற்றிய முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் சிறை கிடையாது. 1925இல்தான் அதை நீக்கச் சட்டம் வந்தது. இன்றும் சூளையிலிருந்து ஓடிவந்த குடும்பத்தைத் தேடி வரும் தரகர், ‘பணம் வாங்கிட்டு ஓடிட்டான், கேஸ் போடுவேன்’ என்று மிரட்டுகிறார். செத்துப்போன சட்டத்தின் குரல்தான் அது. ஆனால் கேட்பவருக்கு அது செத்துவிட்டது என்று தெரியாது.

செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த நில ஆணையையும் நீங்கள் அறிவீர்கள். பஞ்சமி நிலத்தை நாம் நில உரிமைக் கேள்வியாக மட்டுமே பேசிவருகிறோம். அதைக் கடனுக்கு எதிரான ஏற்பாடாகவும் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. காலடியில் சொந்த நிலம் உள்ளவரை முன்பணத்தால் கட்டுவது கடினம். பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையின் பொருளும் அதுவே.

1938இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பெரிய சீர்திருத்தம் என்று புகழப்பட்டது. சட்டத்தின் வரையறையைப் படித்துப் பாருங்கள்: விவசாயி என்றால் நிலத்தில் விற்கத்தக்க உரிமையோ குத்தகை போன்ற பாத்தியதையோ உடையவர். நாள் முழுக்க வயலில் நின்ற நிலமற்ற கூலியாள் அதில் விவசாயி இல்லை. நிலம் வைத்திருந்தவரின் கடன் குறைந்தது. அவரிடம் கடன்பட்டவரின் கடன் அப்படியே நின்றது.

இந்த வரலாற்றில் உண்மையான திருப்பம் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் சட்டமானது. நெருக்கடிநிலை அரசின் இருபது அம்சத் திட்டத்திலிருந்து வந்தது என்பதால் சிலர் இதைப் பேசத் தயங்குகிறார்கள். நாங்கள் தயங்குவதில்லை. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்புக்குத் தடை விதித்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. கொத்தடிமைக் கடனே செல்லாது என்று நாடு முழுமைக்கும் சொன்னது இந்தச் சட்டம். 6ஆம் பிரிவின்படி அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அற்றுப்போகிறது. 15ஆம் பிரிவை மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் 1983 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இன்னும் மேலே போனது: கட்டாய உழைப்பு நடந்ததாகத் தெரியவந்தால், முன்பணத்துக்காகவே அது நடந்ததாக அனுமானிக்க வேண்டும்; மறுப்பவர் முதலாளியானால் அவரே மறுத்து நிரூபிக்கட்டும்.

இதன் நேர் எதிரில் நிற்பது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். அதன் 118ஆம் பிரிவு, புரோநோட்டில் கையெழுத்து இருந்தால் பணம் கைமாறியதாக எடுத்துக்கொள்கிறது. தொகை எழுதாத ஸ்டாம்புத் தாளில் கைநாட்டு வைத்த அம்மாதான் தான் வாங்கியது ஐயாயிரம், ஐம்பதாயிரம் அல்ல என்று காட்ட வேண்டும். ஆக, ஒரே சேரியில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு இரண்டு நீதி. கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். முன்பணத்தைக் கூட இப்போது சிலர் கைமாற்றுக் கடன் என்று எழுதி வாங்குவது அதனால்தான்.

புரோநோட்டுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. ஆனால் கெடு முடிவதற்குள் பின்பக்கத்தில் ‘வரவு’ என்று நூறு ரூபாய் எழுதி ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடும். எனவே தாள் வந்ததும் நாங்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அதன் முதுகை.

தீர்ப்பே வந்துவிட்டாலும் எல்லாம் போய்விடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி சமையல் பாத்திரம், தொழில் கருவி, கூலியாளின் கூலி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்கிறது 56ஆம் பிரிவு. கட்ட வழியில்லாத ஏழையை அதற்காகவே சிறையில் அடைக்க முடியாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் எழுதினார். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு.

2003இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவின் சொற்களையே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆயினும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பம் இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்து மாண்டது, கந்துவட்டிப் புகாரோடு வந்த இடத்தில். இப்போது வாரத்தவணைக் குழுக்கடன். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் நுண்கடன் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதியை அட்டையின் பின்னால் நாங்களே எழுதிக் கொடுக்கிறோம்.

மீட்கப்பட்டவர்களுக்கான மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 2016இல் 20,000 ரூபாய், பின்பு 30,000 ஆனது. லட்சக் கணக்கிலான முழுத் தொகையோ முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. கோட்டாட்சியர் கொடுத்த விடுவிப்புச் சான்றிதழ் தகரப் பெட்டியில் இருக்க, பொங்கலுக்கு முன்பே அடுத்த சூளைக்கு ஆள் பிடிக்கத் தரகர் முன்பணத்தோடு வந்துவிடுகிறார்.