நோய்க்கால ஊதியச் செலவுப் பகிர்வு (பிரித்தானியா)

தொழிலாளி நோயில் படுத்த நாட்களுக்கான ஊதியத்தை முதலாளி கொடுப்பதா, அரசு கொடுப்பதா என்ற கேள்விக்குப் பிரித்தானியா வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை சொல்லியிருக்கிறது. நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, வாரந்தோறும் ஆண் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ் செலுத்தினர். 1948இல் தொடங்கிய விரிவான காப்பீட்டுத் திட்டத்திலும் நோய்க்கால உதவித்தொகை பொது நிதியிலிருந்தே வந்தது.

1983 ஏப்ரலில் 'சட்டமுறை நோய்க்கால ஊதியம்' நடைமுறைக்கு வந்தது. பணத்தைத் தொழிலாளிக்குக் கொடுப்பவர் முதலாளி. கொடுத்ததை முழுவதுமாகத் தாம் அரசுக்குக் கட்டவேண்டிய காப்பீட்டுப் பங்களிப்பில் கழித்துக்கொள்ளலாம். முதலில் 8 வாரங்களுக்கு இருந்த இந்த ஊதியம் 1986இல் 28 வாரங்களாக நீண்டது. அதுவரை சுமை அரசுடையதுதான். 1991இல் கழிவு 80 விழுக்காடாகக் குறைந்தது. 1994 ஏப்ரலில் சிறு நிறுவனங்களைத் தவிர மற்றவர்களுக்கு அடியோடு நின்றது. தம் பணம் செலவானால்தான் முதலாளிகள் பணியாளர் நலத்தில் அக்கறை காட்டுவார்கள் என்பது அரசின் வாதம். ஈடாக முதலாளிகளின் பங்களிப்பு விகிதம் சற்றுக் குறைக்கப்பட்டது. ஆனால் அந்தச் சலுகை எல்லா நிறுவனத்துக்கும் பொது. நோய் அப்படிச் சமமாக வருவதில்லை. நடுத்தர நிறுவனம் ஒன்றில் ஒரே மாதத்தில் பலர் படுத்துவிட்டால் அந்தச் சலுகை எந்த மூலைக்கு?

இதற்கு ஓரளவு விடையாக 1995இல் வந்தது விழுக்காட்டு வரம்புத் திட்டம். ஒரு மாதத்தில் கொடுத்த நோய்க்கால ஊதியம், அம்மாதக் காப்பீட்டுப் பங்களிப்பில் 13 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய தொகையை அரசு ஈடுசெய்யும். பங்களிப்பு 1,000 பவுண்டு, நோய்க்கால ஊதியம் 400 பவுண்டு என்றால் முதலாளி தாங்குவது 130. திரும்பக் கிடைப்பது 270. ஆள் எண்ணிக்கையைப் பார்க்காமல் அந்த மாதத்துச் சுமையைப் பார்த்த இந்த ஏற்பாடே இதுவரை வந்தவற்றில் நியாயமானது. கரோல் பிளாக், டேவிட் ஃப்ராஸ்ட் இருவரும் 2011இல் அளித்த ஆய்வறிக்கையின் பரிந்துரைப்படி 2014 ஏப்ரலில் இது கைவிடப்பட்டது. மிச்சமாகும் பணம், நோயுற்றவர்கள் வேலைக்குத் திரும்ப உதவும் ஆலோசனைச் சேவைக்குப் போகும் என்றார்கள். அந்தச் சேவையும் 2018இல் மூடப்பட்டது.

கொரோனாக் காலத்தில் மட்டும், 250க்கும் குறைவான பணியாளர் கொண்ட நிறுவனங்களுக்கு ஆளுக்கு இரண்டு வார ஊதியத்தை அரசு திருப்பித் தந்தது. அதுவும் 2022 மார்ச்சில் முடிந்தது. 2025ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், நோயின் தொடக்கத்தில் ஊதியமின்றிக் கழியும் மூன்று நாள் காத்திருப்பை 2026 ஏப்ரலிலிருந்து நீக்கி, குறைந்த வருமானக்காரர்களையும் திட்டத்துக்குள் கொண்டுவருகிறது. தொழிலாளிக்கு இது நீண்ட காலமாகக் கிடைத்திருக்க வேண்டிய உரிமை. செலவு முழுவதும் முதலாளியுடையது.

ஜெர்மனியில் முதல் ஆறு வார முழு ஊதியத்தை முதலாளியே கொடுக்கிறார். ஆனால் 30 பேர் வரை பணியாற்றும் நிறுவனங்கள் பொது நிதி ஒன்றில் சந்தா கட்டி, கொடுத்ததில் 40 முதல் 80 விழுக்காடு வரை திரும்பப் பெறுகின்றன. அப்படியொரு நிதிக்குப் பிரித்தானியச் சட்டத்தில் இன்னும் இடமில்லை.