லயமும் சூரிச்சும்: வீட்டுக்குள் விடுவது எது?

சூரிச்சில் வீடு தேடப் போகிறவருக்கு ஒரு படிவரிசையைக் காட்டுவார்கள். அடியில் மாணவர் விடுதி, அதற்கு மேல் நாலு பேர் சேர்ந்து எடுக்கும் அறைகள், பிறகு கூட்டுறவு வீடு, உச்சியில் ஏரியைப் பார்த்த அடுக்ககம். கையில் உள்ள பணத்துக்கு ஏற்ற படியில் நின்றுகொள்ளலாம் என்பது பேச்சு. மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் ஒரு படிவரிசை இருந்தது. மேட்டில் துரை பங்களா, கொஞ்சம் இறங்கினால் எழுத்தர்களான கிராணிகளின் வீடுகள், பள்ளத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள். அங்கே பணத்தின் படிகள். இங்கே பதவியின் படிகள். லயத்துக்கு வாடகை கிடையாது. சூரிச்சோ வாடகைக்குப் பேர்போனது. இரண்டையும் அருகருகே வைப்பது முதல் பார்வைக்கு வம்பாகவே தோன்றும்.

ஆனால் சூரிச்சில் பணம் கதவு வரைதான் கொண்டு போகும். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகரில் காலியாக இருந்தவை 0.07 விழுக்காடு வீடுகள், அதாவது ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு வீட்டைப் பார்க்கப் படிக்கட்டு நெடுக ஆட்கள் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் விண்ணப்பத் தாள்: என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை பிள்ளைகள், நாய் உண்டா, வீட்டில் யாராவது பியானோ வாசிப்பார்களா? வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் வசூல் அலுவலகம் தரும் சான்று ஒன்று வேண்டும். அதில் பாக்கி எதுவும் பதிவாகியிருக்கக் கூடாது.

தோட்டத்தில் விண்ணப்பத் தாள் இல்லை. தண்டலுக்கும் கிராணிக்கும் ஆளைத் தெரியும், அப்பனையும் தெரியும். கேட்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பெயர். விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் நின்று பெயருக்கு நேரே புள்ளி வாங்குகிறவருக்கு வீடு உண்டு. அங்கே கடன் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு வீடு. இங்கே பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு வீடு. இரண்டு ஊரிலும் ஏடுதான் முதலில் பேசுகிறது, காசு பிறகு.

தலை எண்ணுவதிலும் இரண்டுக்கும் உறவுண்டு. சூரிச்சின் பல கூட்டுறவுகளில் அறைகளின் எண்ணிக்கை குடியிருப்போர் எண்ணிக்கையைவிட ஒன்றுக்கு மேல் கூடக் கூடாது. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறினால், பெற்றோர் சிறிய வீட்டுக்கு மாற வேண்டும். தோட்டத்திலோ பெற்றோர் ஓய்வு பெற்றுவிட்டால் வீடே போய்விடும். அதனால் நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் சிரம்பான் தொழிற்சாலைகளுக்குப் போனாலும், ஒருவரை மட்டும் பால் வெட்டவோ செம்பனைக் குலை அறுக்கவோ நிறுத்திவைத்த குடும்பங்கள் ஏராளம். அந்த ஒருவரின் கூலிதான் ஊர் அறியாத வாடகை. இலவச வீடு என்று அதைச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அன்றாடப் புழக்கத்தில் தெரியும் சாயல் வேடிக்கையானது. லயத்துப் பலகைச் சுவர் கூரை வரை எட்டாது. முதல் வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறாம் வீட்டு அஞ்சடியில் தும்முவார்கள். பொதுக் குழாயில் தண்ணீர் திறக்கும் நேரத்துக்கு, ஆள் வராவிட்டாலும் வாளி வரிசையில் நிற்கும். வாளியை நகர்த்தியவர் யார் என்பதில் பிறந்த பகைகள் கல்யாணப் பந்தல் வரை போயிருக்கின்றன. சூரிச் அடுக்ககத்தின் சுவர் கனமானது. இரவு பத்துக்கு மேல் சத்தமும் கூடாது. ஆயினும் நிலவறையில் துவைக்கும் இயந்திரம் பொது. யாருக்கு எந்த நாள் என்று பட்டியல் தொங்கும். முறை வந்தவரிடம் சாவி வரும். உலர்த்தியில் பஞ்சைத் துடைக்காமல் போனவர்மேல் எழும் கோபம் நம் குழாயடிக் கோபத்துக்கு இளைத்ததல்ல. ஒரு வேறுபாடு மட்டும்: அங்கே அது எழுதி ஒட்டப்படுகிறது, இங்கே உரக்கச் சொல்லப்பட்டது.

லயத்துக்கு உண்மையான இணை அடுக்ககத்தில் இல்லை, தகரக் கொட்டகையில் இருக்கிறது. கட்டடம் கட்டவும் சாலை போடவும் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் சுவிட்சர்லாந்துக்கு வந்த பருவகாலத் தொழிலாளருக்கு முதலாளியே கொட்டகையில் படுக்கை கொடுத்தார். ஆண்டுக்கு ஒன்பது மாதம் வேலை, பிறகு ஊர் திரும்ப வேண்டும். குடும்பத்தை அழைத்து வரத் தடை. கூட்டி வந்தவர்கள் பிள்ளைகளைப் பகலெல்லாம் அறைக்குள் ஒளித்துவைத்தார்கள். 2002-இல்தான் அந்தப் பருவகால அனுமதி முறை ஒழிந்தது. 1983-க்குப் பின் தஞ்சம் கேட்டுப் போன இலங்கைத் தமிழரும் முகாம்களிலிருந்தே தொடங்கினார்கள். கையில் சம்பளம் வந்த பிறகும் தற்காலிக அனுமதி அட்டையைக் காட்டி வீடு கேட்பது அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை.

லயமோ குடும்பத்தை வரவேற்றது. கருணையால் அல்ல: பெண்கள் பால் வெட்டினார்கள், பிள்ளைகள் புல் பிடுங்கினார்கள், அடுத்த தலைமுறைக் கூலியும் அந்த வீட்டிலேயே பிறந்தது. கொட்டகைக்கு வேண்டியவை கைகள் மட்டும். லயத்துக்கு வேண்டியது வம்சம். வீடு கொடுத்தவரே வேலையும் கொடுத்ததால், இரண்டிலும் ஒன்று போனால் மற்றொன்றும் போயிற்று.

இந்த முடிச்சை அவிழ்க்க இரு ஊர்களும் தேடிய வழி ஒன்றே என்பதுதான் எனக்கு மிகுந்த வியப்பு. சூரிச்சில் 1916-இல் தொழிலாளர்கள் சில்லறைக் காசு சேர்த்துத் தொடங்கிய அபேசெட் கூட்டுறவு இன்று ஏறத்தாழ 5,000 வீடுகளை வைத்திருக்கிறது. நகராட்சி இத்தகைய கூட்டுறவுகளுக்கு நிலமும் கடனும் தந்து தாங்கியது. 2011-இல் வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்கினர், 2050-க்குள் வாடகை வீடுகளில் மூன்றில் ஒன்று இலாப நோக்கற்றதாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். மலாயாவில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று, வாங்கியவர்கள் துண்டு போட்டபோது, 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். பால் வெட்டுகிறவருக்கு அது சில நாள் கூலி, ஆனாலும் கொடுத்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்களுடையதாயிற்று.

ஆனால் சூரிச்காரர்கள் கூரையை வாங்கினார்கள், நம்மவர் வேலையிடத்தை வாங்கினார்கள். அன்றைக்கு அதுவே சரி. வேலை நிலைத்தால் வீடு தானே நிலைக்கும். சங்கத்தின் கைக்கு வராத தோட்டங்களில் என்ன ஆயிற்று என்பதற்கு நெகிரி செம்பிலானே சாட்சி. நீலாய், செண்டாயான், சிரம்பான் 2 என்று ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் தாமான்கள் எழுந்தன. மலிவு வீட்டுக்கு அரசு 1982-இல் வைத்த விலை 25,000 ரிங்கிட். 1998-இல் இடத்தைப் பொறுத்து 42,000 வரை உயர்ந்தது. அதுவரை வாடகையே அறியாத தோட்டத்துக்காரருக்கு அப்போதுதான் 'பட்ஜெட்' என்ற கேள்வி எழுந்தது, அதுவும் வேலை முடிந்த வயதில், வங்கி கடன் தரத் தயங்கும் வயதில்.

இப்போது தோட்டங்களில் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும். தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் கூட்டுப் படுக்கையறையில் தலைக்கு 3 சதுர மீட்டர், நான்கு அங்குல மெத்தை, தலையணை, போர்வை, பூட்டும் அலமாரி என்று அளந்து சொல்கின்றன. பழைய லயத்தில் மெத்தையையோ தலையணையையோ யாரும் அளந்து கொடுத்ததில்லை. ஆனால் லயத்தில் மனைவி இருந்தாள், பிள்ளை இருந்தது. இன்றைய வேலை அனுமதியில் குடும்பத்துக்கு இடமில்லை. ஆயாக் கொட்டகை எனும் குழந்தைக் காப்பகம் பற்றிய பிரிவு சட்டத்தில் நிற்க, அதில் விடுவதற்குக் குழந்தை இல்லை. சூரிச் கைவிட்ட கொட்டகை முறைக்குத்தான் நம் தோட்டங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன, மெத்தை மட்டும் நல்ல மெத்தை.