மெயிலுக்காக எழுதிய கருவி

1998 வாக்கில் மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சின் குழுவுக்கு ஒரு தலைவலி. பிரவுசரிலேயே மெயில் படிக்க 'அவுட்லுக் வெப் ஆக்சஸ்' என்று ஒன்றை ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். அதில் ஒரே ஒரு மெயிலை அழித்தாலும் முழுப் பக்கமும் சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டும். டயல்-அப் மோடம் காலம் அது. திரை வெளுக்கும், மெனு, பட்டியல், ஐகான் எல்லாம் மறுபடி முதலிலிருந்து வந்து உட்காரும். எக்ஸ்சேஞ்ச் 2000-க்கான வேலை நடந்தபோது, கணினியில் நிறுவிய அவுட்லுக் போலவே பிரவுசரிலும் ஓட வேண்டும் என்று முனைந்தார்கள்.

அந்தக் குழுவில் இருந்த அலெக்ஸ் ஹாப்மன் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து முதல் வடிவத்தை எழுதினார். பக்கத்தைத் தொடாமல் ஜாவாஸ்கிரிப்டே சர்வரிடம் கேட்டு, பதிலை வாங்கிக்கொள்ள ஒரு சின்ன ஆப்ஜெக்ட். எழுதியதைவிட, அதைப் பயனரின் கணினியில் கொண்டு சேர்ப்பதுதான் பெரும்பாடு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 வெளியாகும் தறுவாயில் இருந்தது. புதிதாக எதையும் சேர்க்கும் கட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் எம்எஸ்எக்ஸ்எம்எல் என்ற நூலகம் அதோடு போகவிருந்தது. அந்தக் குழுவிடம் பேசி அதற்குள் இதையும் வைத்து அனுப்பினார்கள். சாதாரண எழுத்துக்கோப்பையும் கொண்டுவரக்கூடிய கருவிக்கு 'எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி' என்ற பெயர் அமைந்தது இப்படித்தான். 1999 மார்ச்சில் அது உலகத்துக்கு வந்தது.

மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் வழியாக வந்ததால் மற்ற பிரவுசர்களில் அது ஓடவில்லை. மோசில்லாக்காரர்கள் அதே செயலைத் தங்கள் பிரவுசருக்குள்ளேயே கட்டி, 'எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட்' (சுருக்கமாக எக்ஸ்ஹெச்ஆர்) என்று பெயர் வைத்தார்கள். 2002-ல் வந்த மோசில்லா 1.0-ல் அது முழுமையாக இயங்கியது. 2004-ல் சஃபாரி 1.2-ம் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜிமெயில், 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ். வரைபடத்தைச் சுட்டியால் இழுத்தால் அடுத்த தெரு தானாக வந்து ஒட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகு, பழைய மாதிரி பக்கம் செய்ய யாருக்கு மனம் வரும்? அந்த பிப்ரவரியிலேயே ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் இந்த முறைக்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் சூட்டிக் கட்டுரை எழுதினார். ஆறு வருடமாகக் கையில் கிடந்த கருவி ஒரே மாதத்தில் ஊரறிந்த பெயரானது.

வேலை செய்தவர்களுக்குத்தான் சிரமம். பிரவுசரில் அந்த ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆக்டிவ்எக்ஸ் பாதை. பிறகு ரெடிஸ்டேட் 0-லிருந்து 4 வரை ஏறுவதைக் கவனிக்க வேண்டும். 4 ஆனதும் ஸ்டேட்டஸ் 200-தானா என்று பார்க்க வேண்டும். இத்தனையையும் ஒரே அழைப்பில் அடக்கிக் கொடுத்ததால்தான் 2006-ல் வந்த ஜேக்வெரி நூலகத்தை அத்தனை பேர் கட்டிக்கொண்டார்கள். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி இதற்கான முதல் வரைவை வெளியிட்டதும் 2006 ஏப்ரலில்தான். பிரவுசர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைப் பார்த்து எழுதிய தரநிலை அது. இதில் குறை காண எனக்கு மனமில்லை. தேவைப்பட்டவர்கள் செய்தார்கள், மற்றவர்கள் பார்த்துச் செய்தார்கள், அதனால்தான் அது நிலைத்தது.

2015-ல் குரோம் 42-ல் அதே வேலைக்கான புதிய வழியாக 'ஃபெட்ச்' வந்தது. பிராமிஸ் அடிப்படையில் எழுதப்பட்டது. படிக்கவே சுகமாக இருக்கும். சஃபாரிக்கு அது வந்து சேர 2017 ஆயிற்று. அதுவரை, இல்லாத வசதியை ஈடுகட்டும் பாலிஃபில் போட்டே ஓட்டினோம். புதிதாகத் தொடங்கும் எவருக்கும் ஃபெட்சையே சொல்வேன். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சர்வர் 404 என்று திருப்பினாலும் ஃபெட்சின் பிராமிஸ் வெற்றி என்றே முடியும். பதிலின் 'ஓகே' மதிப்பை நாமே பார்த்தாக வேண்டும்.

பழையது இன்னும் ஓய்வு பெறவில்லை. ஒரு பெரிய வீடியோவை ஏற்றும்போது எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று காட்ட ஃபெட்சில் நேர்வழி கிடையாது. எக்ஸ்ஹெச்ஆரின் 'அப்லோட்' பகுதியில் 'புரோகிரஸ்' நிகழ்வைக் கேட்டால் போதும், எத்தனை பைட் போயிற்று என்று அது சொல்லிவிடும். ஆக்சியோஸ் நூலகம் பிரவுசரில் இயல்பாக இன்றும் அதையே பயன்படுத்துகிறது.