அசரியா, வேதநாயகம் சாமுவேல்

வே. ச. அசரியா (17 ஆகஸ்ட் 1874 – 1 ஜனவரி 1945) ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கலை இருப்பிடமாகக் கொண்ட அத்தியட்சாதீனத்தை (பேராயரின் ஆட்சிப் பகுதியை) 1912 முதல் இறக்கும்வரை நடத்தினார். கடவுளுக்குக் கீழ்ப்படிதலே தலைமைக்குத் தகுதி என்ற கிறிஸ்தவக் கோட்பாடு காலனிய இந்தியாவில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை இவர் வாழ்க்கையை வைத்தே அளந்துவிடலாம்.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த அசரியா, பட்டம் பெறாமலே 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. செயலராகச் சேர்ந்தார். 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார்.

1902-இல் யாழ்ப்பாணம் போனது திருப்புமுனை. அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டி இந்தியாவுக்கு ஊழியரை அனுப்பியிருந்தார்கள். தலைமுறைகளாகச் சுவிசேஷம் கேட்டுவந்த திருநெல்வேலிச் சபையோ வெளியே யாரையும் அனுப்பியிருக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவையாகவே இருக்க வேண்டும் என்பது விதி. சங்கம் தேர்ந்துகொண்ட களம் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல். 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியபோதும் அசரியா முன்னின்றார்.

பிறரை அனுப்பிவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஒவ்வவில்லை. 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டு, குருப்பட்டத்துக்கான முதல் படியான உதவிகுருப் பட்டம் பெற்று, தெலுங்கு கற்று, தாமே தோர்ணக்கலுக்குக் குடியேறினார். நாடறிந்த பொறுப்பிலிருந்து இறங்கிய அந்த முடிவே பின்னால் அவரைப் பேராயராக்கியது என்று சொல்வது மிகையாகாது.

கீழ்ப்படிதல் என்பதை அவர் மிஷனரிக்குக் கீழ்ப்படிதலாகக் கொள்ளவில்லை. 1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளை மிஷனரிகள் இந்திய ஊழியர்களைச் சரிசமமாக நடத்துவதில்லை என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். தியாகமும் பொருளும் தந்தீர்கள், இனி நட்பைத் தாருங்கள் என்று பேச்சை முடித்தார். அரங்கில் சிலர் முகம் சுளித்தனர். சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் அவரை விடாமல் ஆதரித்தார். அவரைப் பேராயராக்கும் யோசனைக்கு எதிர்ப்பு ஐரோப்பியரிடமிருந்து மட்டும் வரவில்லை, இந்தியக் கிறிஸ்தவர் சிலரும் எதிர்த்தனர். ஆயினும் 29 டிசம்பர் 1912 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

தோர்ணக்கலில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிகளான மாலா, மாதிகாவைச் சேர்ந்த நிலமற்ற மக்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பரமண்டல ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை ஆகியவற்றை மனப்பாடமாகச் சொல்லித் தந்த பிறகே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. ஆண்டில் பல மாதங்கள் அசரியா மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் பேய்களாகச் சொல்லி, அவற்றை ஓட்டியாயிற்றா என்று சபையாரைக் கேட்பார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கை வைக்கச் சொல்வார். நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்ற பொருளில் அவர் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பேராயருக்குள்ள கடமையே பண்ணையாளுக்கும் என்பது இதன் உட்கிடை. ஊரின் கடைக்கோடியில் வைக்கப்பட்டிருந்தவன் பிறருக்குச் சொல்லக் கடமைப்பட்டவனாக ஆனான். அசரியாவின் தலைமைக் கொள்கையை அவர் நூல்களைவிட இந்தச் சடங்கு தெளிவாகக் காட்டுகிறது. அவர் காலத்திலேயே அத்தியட்சாதீனத்துக் கிறிஸ்தவர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. சாதி போய்விடவில்லை. மாலா, மாதிகா உரசல் சபைக்குள்ளும் தொடர்ந்தது.

கிராம ஆசிரியர்களும் குருப்பட்டத்துக்குப் படிப்பவர்களும் மனைவியரோடு பயிற்சி பெற்றனர். பெண்களுக்கான பயிற்சியில் அன்பு மரியம்மாளின் உழைப்பு பெரிது. 1939-இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தில் கோயில் மண்டபத் தூண்களும் இஸ்லாமியக் குவிமாடங்களும் சேர்ந்தே நிற்கின்றன.

தாழ்த்தப்பட்டோர் கூட்டமாக மதம் மாறுவதை 1930-களில் காந்தி கடுமையாக எதிர்த்தார். அம்மக்களுக்கும் ஆன்மிகத் தேடல் உண்டு, தங்கள் முடிவைத் தாங்களே எடுக்க முடியும் என்பது அசரியாவின் நிலை. அதே அசரியா கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றும் வாதிட்டார். திருச்சபை ஓட்டு வங்கியாகச் சுருங்கும் என்று அஞ்சினார். காந்தி தரப்புக்கும் தனித் தொகுதி கேட்டவர்களுக்கும் பிடிக்காத நிலைப்பாடு இது.

திருச்சபைப் பிரிவுகள் மேல்நாட்டிலிருந்து வந்த சுமை என்று கருதிய அவர், 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய ஐக்கியக் கூட்டத்தில் முக்கியப் பங்கு வகித்தார். அதில் கலந்துகொண்டோரில் பெரும்பாலோர் இந்தியரே. பேராயர் ஆட்சி முறையை எல்லாச் சபைகளும் ஏற்குமா என்பதிலேயே பேச்சுவார்த்தை கால் நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது. தென்னிந்தியத் திருச்சபை 27 செப்டம்பர் 1947-இல் சென்னையில் உதயமானபோது, தோர்ணக்கல் அதன் அத்தியட்சாதீனங்களில் ஒன்றாயிற்று. அசரியா இறந்து இரண்டே முக்கால் ஆண்டுகள் ஆகியிருந்தன.