இந்தியாவில் தடுப்பு மருந்தும் குளிர்ச் சங்கிலியும்: ஒரு வரலாற்று நோக்கு

தடுப்பு மருந்தின் வரலாற்றைக் கூறுவோர் அதனைக் கண்டறிந்தவரைப் போற்றுவது மரபு. ஆயின், அம்மருந்து வீரியம் குன்றாமல் மக்களைச் சென்றடைந்த வழியைப் பற்றிய ஆய்வு அருகியே காணப்படுகின்றது. இந்தியாவில் அவ்வழி அமைந்த வரலாற்றை ஈண்டு நாம் நோக்குவோம்.

எட்வர்டு ஜென்னர் 1796இல் பெரியம்மைத் தடுப்புமுறையை மெய்ப்பித்தார். எனினும், ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட அம்மைப்பால் நெடும்பயணத்திலும் வெப்பத்திலும் கெட்டது. பாக்தாத், பாஸ்ரா வழியாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றிக் கொணரப்பட்ட பின்னரே, 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்டால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு அது பலித்தது. மனித உடலே அன்று மருந்தைக் காத்த கலமாயிற்று.

1950களில் லெஸ்லி கொலியர் செம்மைப்படுத்திய உறைய வைத்து உலர்த்தும் முறை இந்நிலையை மாற்றியது. உலர்ந்த பெரியம்மை மருந்து வெப்ப நாடுகளிலும் பல வாரங்கள் கெடாமல் நின்றது. 1967இல் தீவிரமடைந்த ஒழிப்பு இயக்கம், குளிர்பெட்டி காணாத சிற்றூர்களையும் எட்டியது. 1980இல் உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஏனைய மருந்துகளுக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. இந்தியா 1978இல் விரிவான தடுப்பூசித் திட்டத்தையும் 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தையும் தொடங்கியபோது, மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் காப்பது இன்றியமையாததாயிற்று. நாளொன்றுக்கு 8 மணி நேரமே மின்சாரம் கிடைப்பினும் குளிர்ச்சியைத் தக்கவைக்கும், பனிக்கட்டி சூழ்ந்த குளிர்பெட்டிகள் சுகாதார நிலையங்களில் இடம்பெற்றன. அங்கிருந்து சிற்றூர் வரை, பனிப்பொதிகள் அடுக்கிய கைப்பெட்டியே துணை.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தீங்கு வெளிப்படையாகத் தெரிவதில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. வீரியமிழந்த மருந்தும் பெரும்பாலும் நல்ல மருந்தைப் போன்றே தோன்றும். ஊசி போட்டதாகப் பதிவேடு கூறும். குழந்தைக்கோ பாதுகாப்பு இராது. 1996இல் இளம்பிள்ளைவாத மருந்துக் குப்பிகளில் இடம்பெற்ற வெப்பங்காட்டி இக்குறையைப் பெரிதும் போக்கியது. அதன் உட்சதுரம் வெளிவட்டத்தின் நிறத்தை எட்டினால் மருந்தைப் பயன்படுத்தலாகாது. மருந்து தக்கதா என்பதைச் சிற்றூர்ச் செவிலியரே கண்ணால் அறிய முடிந்தது.

ஆயினும், மிகுகுளிரும் பகையே. கல்லீரல் அழற்சி 'பி', முத்தடுப்பு மருந்துகள் உறைந்தால் பயனிழக்கும். அதனை வெப்பங்காட்டி உணர்த்தாது. வெப்பத்திற்கு அஞ்சிப் பனிக்கட்டியை மிகுதியாக அடுக்குவதும் கேடு விளைவிக்கும்.

வெப்பத்தை எளிதில் தாங்காத சொட்டு மருந்தைக் கொண்டே இந்தியா இளம்பிள்ளைவாதத்தை வென்று, 2014 மார்ச் 27ஆம் நாள் சான்று பெற்றது. அவ்வெற்றியில் ஆய்வுக்கூடத்திற்கு உள்ள பங்கு, பெட்டி சுமந்து நடந்த பணியாளர்க்கும் உண்டு என்பதே நாம் பெறும் முடிவாகும்.