ஊமைத்துரையைக் காப்பாற்றிய ஒரு தாய்

போரில் ஜெயித்த படையைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். தோற்ற படையில் அடிபட்டுக் கிடந்தவனை யார் கவனித்தார்கள்? எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது நமக்குத் தெரியும். பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2 அன்று தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மீண்டும் எழுந்தது. தூத்துக்குடியும் அவர்கள் கைக்கு வந்தது. அங்கே துறைமுக அதிகாரியாக இருந்த பேகட் என்ற ஆங்கிலேயர் பிடிபட்டார். அவர் மனைவி பாஞ்சாலங்குறிச்சிக்கே போய் முறையிட்டார். கணவரை விட்டுவிட்டார்கள்! எதிரியின் குடும்பத்துக்கும் இரக்கம் காட்டியவர்கள் இவர்கள்.

அதே ஆண்டு மே 24 அன்று கோட்டை விழுந்தது. அன்றிரவு ஊர்ப் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடிப் பிணங்களுக்கு நடுவே அலைந்தார்கள். உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த மகனை ஒரு தாய் கண்டுபிடித்தாள். மகனோ, “என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று” என்றானாம். அந்த ‘சாமி’தான் ஊமைத்துரை. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கும்பெனிக்கு உதவிய எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அவர் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, பிள்ளை அம்மை கண்டு இறந்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள்.

இதை எழுதி வைத்தவர் எதிர்த்தரப்பில் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி. அவர் நூல் 1830ல் வெளிவந்தது. மருது சகோதரர்களோடு சேர்ந்து மீண்டும் போரிட்ட ஊமைத்துரையை 1801 நவம்பர் 16 அன்று தூக்கிலிட்டார்கள்.

போரில் இறந்த ஆங்கிலேயர்களுக்கு அந்தப் பகுதியில் கல்லறைகள் இருக்கின்றன. 1974ல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது. ஆனால் அந்தத் தாயின் பெயரை மட்டும் வெல்ஷ் எழுதவில்லை.

இன்று முன்னாள் படைவீரர்களுக்குப் பென்ஷன் இருக்கிறது, மாவட்ட அளவில் நல அலுவலகம் இருக்கிறது. 1949 முதல் டிசம்பர் 7ல் கொடி நாள் வசூலும் நடக்கிறது. எல்லாம் அவசியமானவைதான். ஆனால் அலுவலகத்துக்கு மனு போய்ச் சேரும் முன்பே வீரனின் வீட்டு வாசலுக்கு வர வேண்டியவர்கள் அக்கம்பக்கத்தார். பாஞ்சாலங்குறிச்சிப் பெண்கள் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும் வந்தார்கள். நமக்கு எந்த ஆபத்தும் இல்லை. நம் தெருவில் இருக்கும் ராணுவக் குடும்பம் எது என்றாவது நமக்குத் தெரியுமா நண்பர்களே?